சா.பொ. 3

எழும்பூர் நீதிமன்றத்தின் பின்கட்டில், படிக்கட்டுக்கு அடியில்
சான்றுப் பொருள் அறை. சாவி என்னிடம்.
ஒரே ட்யூப்லைட், அதுவும் யோசித்து யோசித்து எரியும்.
வெள்ளைத் துணி சுற்றி அரக்கு வைத்த சூரிக்கத்தி,
குக்கர் ஒன்று, விசில் தனிக் கவரில்,
பதினோரு செல்போன்கள், எல்லாம் செத்தவை,
மூலையில் ஒரு தையல் மெஷின்.
ஒவ்வொன்றின் கழுத்திலும் நூல்
நூலில் அட்டை
அட்டையில் எண்.

சா.பொ. 3 ஓர் ஆங்கில அகராதி.
சென்ட்ரலில் எவனோ தூக்கிய பைக்குள் இருந்தது.
பை ஒன்று, டிபன் பாக்ஸ் இரண்டு.
பறிகொடுத்தவர் சாட்சி சொல்ல வரவே இல்லை.
நான் அதைத் திறக்கக் கூடாது.
சாப்பாட்டு நேரத்தில் திறப்பேன்.
வலக்கையில் தயிர்சாதம், இடக்கையில் பக்கம்.

இன்று ‘திங்’கில் நின்றது.
நாலாம் வகுப்புச் சொல். திங் என்றால் பொருள், கதை முடிந்தது.
இங்கே அதற்கு ஒன்றரைப் பத்தி.

ஆயிரம் வருஷத்துக்கும் முன்பு
அந்தச் சொல்லுக்குப் பொருள் பொருளே இல்லையாம்.
கூட்டமாம். ஊர் கூடி
யார் மாட்டை யார் ஓட்டினான் என்று
பேசித் தீர்க்கிற கூட்டம்.
முதல் எழுத்தும் வேறாம்,
கம்பின் நடுவில் முள் முளைத்த மாதிரி ஒன்று.
பெயரே முள்தான்.
பிறகு யாரோ பிடுங்கிப் போட்டார்கள்.

கூட்டம் கலைந்தது.
அங்கே பேசிய விவகாரத்துக்குப் பேர் ஒட்டிக்கொண்டது.
விவகாரம் தேய்ந்து ‘ஏதோ ஒன்று’ ஆனது.
ஏதோ ஒன்று இறுகி
கையில் எடுத்துக் கீழே வைக்கிற பண்டமானது.

சிரித்துவிட்டேன். ஒரு சொட்டுத் தயிர்
ஆயிரத்துச் சொச்சமாவது பக்கத்தில்.
(துடைத்தேன். தெரியும்.)

எங்கள் அறையில் இது தலைகீழாக நடக்கிறது.
கடையில் வாங்கும்போது வெறும் குக்கர்,
அட்டை கட்டியதும் வழக்கு.

நம் சொல் மட்டும் சும்மா இருக்கிறதா என்ன.
வழக்கு கோர்ட்டிலும் நடக்கும், நாக்கிலும் நடக்கும்.
பொருள் பண்டம், பொருள் பணம், பொருள் அர்த்தம்,
மூன்றும் இல்லாதவர்கள்தான் இங்கே வரிசையில் நிற்பது.
டவாலி முனிரத்தினம் ‘மேட்டர்’ என்றால்
பட்டியலில் எத்தனையாவது என்று எண்ணுவோம்.
அதையே கேட்டுக்கு வெளியே டீக்கடையில் சொன்னால்
மொத்த பெஞ்சும் திரும்பிப் பார்க்கும்.

கதவில் நிழல். ஜெயமேரி, புதுப்பேட்டை.
மெஷின் அவளுடையது.
அதன் டிராயரில்தான் மச்சான் திருட்டுச் செயினை ஒளித்தானாம்.
செயின் ஆறே மாதத்தில் உரியவரிடம் போயிற்று.
மெஷினுக்கு இது நாலாவது வருஷம்.

“மேடம், என் பொருளு எப்ப குடுப்பீங்க?”
“கேஸ் முடியட்டும்மா.”
“கேஸு அவன் மேல. மெஷின் இன்னா பண்ணிச்சி?”

மனு போடச் சொன்னேன். மூன்று போட்டாளாம்.

உள்ளே விடக் கூடாது. விட்டேன்.
முந்தானையில் முடிந்திருந்த எண்ணெய்ப் புட்டியை எடுத்து
துளைக்கு ஒரு துளியாக விட்டாள்,
குழந்தைக்குக் காதில் மருந்து விடுகிற மாதிரி.
சக்கரத்தின் விளிம்பில் காவி நிறம்.
அகராதியில் ‘திங்’, என் காதுக்கு ‘தின்’.
சொன்னபடி தின்றுகொண்டிருந்தது துரு.

ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.
‘டக்’.
ஊசி இல்லாத இடத்தில் இரும்பு இறங்கி ஏறியது.
“ஊசி எங்கம்மா?”
“போலீஸ் வர்றப்பவே உருவிட்டேன். வூட்ல இருக்குது”
என்றாள், பைபிளுக்குள் என்பதுபோல அத்தனை மெல்ல.

பதிவேட்டில் நான் எதுவும் எழுதவில்லை.
அவள் போன பிறகு
அகராதியை மூடி, நூலை முன்பிருந்த மாதிரியே கட்டினேன்,
ஏறக்குறைய.
அடுத்த வாய்தா பதினேழாம் தேதி.